22 வருஷம் கழிச்சு திரும்ப ரோட் பைக்: கியர், டயர், முட்டி, குன்னூர் ஏத்தம்

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை நிதானமா படிச்சேன். வயசு 49, ஊரு கோயமுத்தூர், காலேஜ் நாள்ல மாமா சிங்கப்பூர்ல இருந்து கொண்டு வந்த ஸ்டீல் ரேஸ் சைக்கிள்ல பாலக்காடு வரைக்கும் போயிட்டு வந்த ஆளு, அப்புறம் வேலை, குடும்பம்னு 22 வருஷமா சைக்கிளே தொடல, போன வாரம் கடைக்குப் போனா டிஸ்க் பிரேக், 32 மிமீ டயர், ட்யூப்லெஸ், 12 ஸ்பீடு, பட்டன் கியருன்னு சொல்லி தலை சுத்த விட்டுட்டாங்க. எதை வாங்கறது, பழையபடி ஓட்ட முடியுமா, வர்ற தை மாசம் குன்னூர் ஏற முடியுமா, வீட்ல கிடக்கற பழைய சைக்கிளை என்ன பண்றது, இதுதானுங்களே கேட்டிருக்கீங்க.

நானும் 19 வருஷம் விட்டுட்டு 48 வயசுல திரும்ப வந்தவன், இப்ப 57 ஆகுது. அதனால புத்தகத்துல படிச்சதோட பட்டதையும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. நீங்க விட்டுட்டுப் போன சமயத்துல ரேஸ் சைக்கிள்னா ரேஸ் ஓட்டற பசங்களுக்குன்னு செஞ்சது, அதை ஓட்டணும்னா நாமதான் அதுக்குத் தகுந்தாப்ல வளையணும். இப்ப வர்ற பைக் அப்பிடி இல்லீங்க, 50 வயசு ஆளு சாதாரண ரோட்டுல, மலையில, மழையில ஓட்டறதுக்குன்னே நிறைய மாத்தம் பண்ணி வந்துருச்சு. ஆனா திரும்ப வர்றவங்க எல்லாரும் (நானும்தான்) புது பைக்ல உக்காந்துக்கிட்டு பழைய கணக்கையே போடறோம், அப்ப ஒல்லி டயர்ல கல்லு மாதிரி காத்தடிச்சோம், பெரிய கியர்ல மிதிச்சோம், குனிஞ்சு உக்காந்தோம், ஒன்றரை மணி நேரத்துல பாலக்காடு போனோம்னு. அந்தக் கணக்கை இறக்கி வச்சுட்டு கடைக்குப் போனீங்கன்னா பாதி குழப்பம் தீந்துரும்.

கியர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா குன்னூர்னு நீங்க சொன்ன உடனே எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது உங்க முட்டிதான். உங்க பழைய சைக்கிள்ல முன்னாடி 52, 42 பல்லு, பின்னாடி 13ல இருந்து 23 பல்லுன்னு எழுதியிருந்தீங்க. அப்ப அதுல இருக்கற லேசான கியரே 42க்கு 23. ஒரு தடவை பெடல் சுத்துனா சக்கரம் 1.8 தடவை சுத்தும், ரோட்ல ஏறக்குறைய 3.8 மீட்டர் போகும். இப்ப வர்ற என்டியூரன்ஸ் பைக்ல (ரொம்ப நேரம் சுகமா ஓட்டறதுக்குன்னு செஞ்ச வகை) முன்னாடி 50, 34, பின்னாடி 11ல இருந்து 34 சாதாரணமா கிடைக்குது. 34க்கு 34 போட்டா பெடல் ஒரு சுத்து, சக்கரமும் ஒரு சுத்து, 2.1 மீட்டர், அவ்வளவுதான்.

இதை ஏத்தத்துல வச்சுப் பாருங்க. நீங்களும் பைக்கும் சேந்து 85 கிலோன்னு வச்சுக்குவோம், 5 சதவீத ஏத்தத்துல மணிக்கு 9 கிமீ வேகத்துல போறதுக்கு சுமார் 120, 125 வாட் வேணும், ஒழுங்கா பழகுன 49 வயசு ஆளு அதை ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் குடுக்க முடியும். அதே 9 கிமீ வேகத்துல பழைய 42க்கு 23ல போனீங்கன்னா நிமிஷத்துக்கு 39 சுத்துதான் மிதிக்க முடியும், ஒவ்வொரு மிதியும் முழு பாரத்தையும் முட்டி மேல போடும். 34க்கு 34ல அதே வேகத்துக்கு 71 சுத்து. வாட் ஒண்ணுதான், ஆனா முட்டி மேல விழற அழுத்தம் ஏறக்குறைய பாதியா குறைஞ்சுருது. 42க்கு 23ஐ 70 சுத்துல மிதிக்கணும்னா அந்த ஏத்தத்துல 16 கிமீ வேகம் போகணும், அதுக்கு 220 வாட்டுக்கு மேல ஆகும், 25 வயசுல அது நம்மகிட்ட இருந்துச்சு, இப்ப இல்ல, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லீங்க.

இதைத் தெரியாமத்தான் நான் திரும்ப வந்த மூணாவது வாரமே தடாகம் வழியா ஆனைகட்டி ஏறுனேன். கடையில குடுத்த பைக்ல பின்னாடி பெரிய பல்லு 25தான், நானும் அது போதும் நாம ஓட்டாததான்னு வாங்கிட்டேன், ஏறியும் போயிட்டேன், அடுத்த நாள் காலையில மாடிப்படி இறங்க முடியல. முட்டிச்சில்லுக்குக் கீழ வலி, ரெண்டு மாசம் சைக்கிள் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. அதனால கடையில மத்ததை எல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல பின்னாடி கேசட்ல, அதாவது பல்சக்கரக் கொத்துல, பெரிய பல்லு எத்தனைன்னு கேளுங்க. 34 இருந்தா வாங்குங்க. 28தான் இருக்குன்னா மாத்திக் குடுக்க முடியுமா, பின் டீரெயிலர் (செயினைப் பல்லுக்குப் பல்லு மாத்தற பாகம்) அவ்வளவு பெரிய கேசட்டைத் தாங்குமான்னு கேளுங்க.

எத்தன ஸ்பீடு, அதாவது பின்னாடி எத்தன பல்சக்கரம்ங்கறதுல ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். கியர் செய்யற ஷிமானோ கம்பெனி மாடல்கள்ல கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10, புது 105 வந்து 12. எண்ணிக்கை கூடக் கூட பல்லுக்குப் பல்லு இடைவெளி குறையும், சுகமா இருக்கும், ஆனா செயினும் கேசட்டும் விலை ஏறும். எனக்குக் கேட்டா டியாக்ராவோ 105ஓ நம்ம தேவைக்கு தாராளம். முக்கியமான மாத்தம் எண்ணிக்கையில இல்ல, கியர் லீவர் இருக்கற இடத்துலதான். உங்க சைக்கிள்ல கியர் லீவர் டவுன் ட்யூப்ல (ஃப்ரேமோட கீழ் சாய்வுக் குழாய்ல) இருந்துச்சு, கியர் மாத்தணும்னா ஒரு கையை ஹேண்டில்பார்ல இருந்து எடுத்துக் கீழ கொண்டு போகணும், குழி வர்ற நேரம் பாத்து. ஷிமானோ 1990லயே பிரேக் லீவர்லயே கியரை வச்சுட்டாங்க, இப்ப கை எங்கயும் போக வேண்டியதில்ல. அதைப் பழகறதுக்கு ரெண்டு நாள் ஆகும், அதுக்கப்புறம் ஏன் இத்தன நாள் இல்லாம இருந்தோம்னு தோணும்.

பட்டன் கியர், அதாவது பேட்டரியில மாறற கியர், நல்லாத்தான் இருக்கும். 2009ல ஷிமானோ டிஐ2ன்னு கொண்டு வந்தாங்க, அப்புறம் ஸ்ராம் கம்பெனி ஒயரே இல்லாமக் கொண்டு வந்தாங்க. கட்டை விரல் மூட்டு வலி, கை மரத்துப் போறது இதெல்லாம் இருந்தா அது ரொம்ப உதவும், மத்தபடி முதல் பைக்குக்கு அது அவசியம்னு நான் சொல்ல மாட்டேன். கேபிள் கியர்னா நம்மூர்ல நாலு பேர் சரி பண்ணிக் குடுப்பாங்க. கார்பன் ஃப்ரேமும் அப்பிடித்தான். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் நடுவுல ரெண்டு கிலோ வித்தியாசம்னே வச்சுக்கங்க, மொத்தம் 85 கிலோவுல அது 2.4 சதவீதம், குன்னூர் ஏத்தத்துல மூணு மணி நேரத்துக்கு நாலு நிமிஷம் மிச்சம். அந்த நாலு நிமிஷத்துக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் சேத்துக் குடுக்கணுமான்னு நீங்களே பாத்துக்கங்க. முன் ஃபோர்க் மட்டும் கார்பனா இருக்கட்டும், கைக்கு அதிர்வு கம்மியா வரும், இப்ப நல்ல அலுமினிய பைக்ல அது கூடவே வருது.

அடுத்தது டயர். 32 டயரைப் பாத்து "இது என்னங்க பால்கார சைக்கிள் மாதிரி"ன்னு நினைச்சீங்கன்னு எழுதியிருந்தீங்க. இதுல நம்ம எல்லாரோட நம்பிக்கையும் தப்பா இருந்துருக்குங்க. ஒல்லி டயர், 120 பிஎஸ்ஐ காத்து, அதுதான் வேகம்னு நினைச்சோம். வழவழன்னு இருக்கற உருளையில வச்சு ஓட்டிப் பாத்தா காத்து ஏற ஏற உருள்ற தடை குறையறது நெசம்தான். ஆனா ரோடு உருளை இல்லையே. ஜல்லி துருத்திக்கிட்டு இருக்கற ரோட்ல டயர் அமுங்கலைன்னா, ஒவ்வொரு சின்ன மேட்டுலயும் சைக்கிளையும் ஆளையும் சேத்துத் தூக்கித் தூக்கிப் போடும், அந்தத் தூக்கல் எல்லாம் நம்ம மிதிச்ச சக்தியில இருந்து போறது, அந்தக் குலுக்கலை உள்வாங்கறது நம்ம சதையும் எலும்பும். கொஞ்சம் அகலமான டயர், காத்து அளவா இருந்தா, மேடு டயருக்குள்ளயே அமுங்கிப் போயிரும். அதுவும் இல்லாம, ஒரே காத்துல அகலமான டயர் ரோட்டைத் தொடற இடம் அகலமா, நீளம் கம்மியா இருக்கும், அதனால ரப்பர் மடங்கறதும் கம்மி. இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் பெரிய ரேஸ் ஓட்டறவங்களே 23ஐ விட்டுட்டு 28, 30னு போயிட்டாங்க.

நம்ம தொண்டாமுத்தூர் ரோடு, நரசீபுரம் ரோடு, ஆலாந்துறை தாண்டிப் போற ரோடு இதுக்கெல்லாம் 32தான் சரி. நான் 74 கிலோ, 32 டயர்ல முன்னாடி 55, பின்னாடி 60 பிஎஸ்ஐ வைக்கறேன். 28 டயர்னா 70 பக்கம். இதுக்கு மேல ஏத்த வேண்டாம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், இப்ப சில ரிம்ல ஓரத்துல டயரைப் பிடிக்கற கொக்கி இருக்காது, ஹூக்லெஸ்னு சொல்லுவாங்க. அதுல 72.5 பிஎஸ்ஐ, அதாவது 5 பார், அதுக்கு மேல காத்தடிக்கவே கூடாது, டயர் கழண்டு வந்துரும். பழைய பழக்கத்துல 100 அடிச்சுராதீங்க. உங்க ரிம் எந்த வகைன்னு வாங்கும்போதே கேட்டு எழுதி வச்சுக்கங்க.

காத்தடிக்கறதுலயே நீங்க முதல் நாள் மாட்டுவீங்க, அதனால இதையும் சொல்லிடறேன். அந்தக் காலத்து சைக்கிள்ல வால்ட்யூப் போட்ட வால்வ், தெருமுனை பஞ்சர் கடையில பம்ப்பைப் புடிச்சு அடிச்சுட்டுப் போவோம். இப்ப வர்றது ஒல்லி வால்வ், ப்ரெஸ்டான்னு பேரு, மேல இருக்கற சின்ன மரையைத் திருகி விட்டுத்தான் காத்தடிக்கணும், மோட்டார் பைக்குக்கு அடிக்கற கம்ப்ரஸர் ஹோஸ் அதுல உக்காராது. பித்தளையில சின்ன அடாப்டர் கிடைக்கும், சீட்டுக்கு அடியில இருக்கற பையில ரெண்டு போட்டு வைங்க. மீட்டர் வச்ச தரை பம்ப் ஒண்ணு வீட்டுக்கு வாங்கிருங்க, வாரத்துக்கு ஒருதடவை நீங்களே அடிங்க.

ட்யூப்லெஸ் போடலாமான்னு கேட்டீங்க. நம்ம பக்கம் நெருஞ்சி முள்ளும் வேலமுள்ளும் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு ட்யூப்லெஸ் மாதிரி மருந்து இல்ல, முள்ளு ஏறுன ஓட்டையை உள்ள இருக்கற சீலண்ட் பாலே அடைச்சுரும், நிக்காமக் கூட போலாம். ஆனா நம்ம வெயிலுக்கு அந்தப் பால் ரெண்டு மூணு மாசத்துல காஞ்சுரும். நான் அதை மறந்துட்டு ஆறு மாசம் அப்பிடியே ஓட்டிட்டு இருந்தேன், செம்மேடு தாண்டி ஒரு சின்ன ஆணிக்கே டயர் உக்காந்துருச்சு, தொறந்து பாத்தா உள்ள ரப்பர் உருண்டையா ஒட்டிக்கிட்டு கிடக்குது. அதனால மூணு மாசத்துக்கு ஒருதடவை பால் ஊத்தற பொறுமை இருந்தா ட்யூப்லெஸ், இல்லைன்னா ட்யூப் போட்ட 32 டயரே போதும். எதுவா இருந்தாலும் ஒரு ஸ்பேர் ட்யூப், ரெண்டு டயர் லீவர், கைப் பம்ப் இல்லாம வீட்டை விட்டுக் கிளம்பாதீங்க.

டிஸ்க் பிரேக் வேணுமாங்கறதுக்கு எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல, வேணும். அதுவும் ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல புடிக்கறது) கிடைச்சா அதையே எடுங்க. மலை இறங்கறப்ப, மழையில, பழைய சைக்கிள்ல பிரேக் கட்டை ரிம்மைப் புடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சுத்து வழுக்கிட்டுப் போகும், ஞாபகம் இருக்குங்களா, அந்த ரெண்டு சுத்துல உயிர் போயிட்டு வரும். இப்ப ஒரு விரல் போதும். ரேஸ்லயே ரொம்ப நாள் யோசிச்சு 2018லதான் முழுசா அனுமதிச்சாங்க, இப்ப புதுசா வர்ற ரோட் பைக்ல பெரும்பாலும் இதுதான். புது டிஸ்க் முதல் நாளே புடிக்காதுங்கறதை யாரும் சொல்ல மாட்டாங்க. 25 கிமீ வேகத்துல இருந்து நடக்கற வேகம் வரைக்கும், டயர் இழுபடாம, ஒரு இருபது தடவை பிரேக் புடிச்சு விடுங்க, பேடும் டிஸ்க்கும் பழகிக்கும். சக்கரத்தைக் கழட்டி வச்சுட்டு பிரேக் லீவரை அமுக்கிராதீங்க, பேடு ரெண்டும் ஒட்டிக்கும். செயினுக்கு ஆயில் ஸ்ப்ரே அடிக்கறப்ப ஒரு துளி டிஸ்க்ல பட்டாலும் கிரீச்சுன்னு கத்தும், புடிக்கவும் புடிக்காது, அதனால ஸ்ப்ரே வேண்டாம், சொட்டு சொட்டா விடற ஆயில் பாட்டிலே வச்சுக்கங்க. கடையில எந்தக் கைக்கு முன் பிரேக் போட்டிருக்காங்கன்னும் பாத்துருங்க, சில பைக்ல இடது, சில பைக்ல வலது. உங்க கை எதுக்குப் பழகியிருக்கோ அப்பிடி மாத்தித் தரச் சொல்லிட்டு எடுங்க.

இப்ப சைஸும் உக்கார்ற விதமும். இதுக்குக் காசு செலவு பண்ணுங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ரேஸ் பைக்னு ஒரு வகை, என்டியூரன்ஸ்னு ஒரு வகை, ரெண்டுலயும் ஹேண்டில்பார் வளைஞ்சுதான் இருக்கும், பாத்தா ஒண்ணு மாதிரியே தெரியும், ஆனா என்டியூரன்ஸ்ல ஹேண்டில்பார் கொஞ்சம் மேல, கொஞ்சம் பக்கத்துல இருக்கும். 22 வருஷம் நாற்காலியில உக்காந்த இடுப்புக்கும் தொடைப் பின்சதைக்கும் அதுதான் தாங்கும். சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, சைக்கிள் ரேஸ் வீரர் கிரெக் லெமாண்ட் பேர்ல சொல்லுவாங்க. செருப்பில்லாம சுவத்தோரம் நின்னு, காலுக்கு நடுவுல ஒரு நோட்டை மேல ஒட்ட அழுத்திப் புடிச்சு, தரையில இருந்து நோட்டோட மேல் விளிம்பு வரைக்கும் அளங்க. அதை 0.883ஆல பெருக்குங்க. 80 செமீன்னா 70.6 வரும், அதுதான் பெடல் தண்டு ரெண்டும் சேர்ற கிராங்க் அச்சு நடுவுல இருந்து சீட் மேல வரைக்கும் இருக்க வேண்டிய உயரம். அங்க ஆரம்பிச்சு ஒரு செமீ கூட்டிக் குறைச்சுப் பாத்துக்கலாம். சீட் ரொம்பக் கீழ இருந்தா முட்டிக்கு முன்னாடி வலிக்கும், ரொம்ப மேல இருந்தா முட்டிக்குப் பின்னாடி வலிக்கும், இதை வச்சே பாதி கண்டுபுடிச்சுரலாம். என் ஆனைகட்டிக் கதையில கியர் பாதி, சீட் ரெண்டு செமீ கீழ இருந்தது மீதி.

உள்ள பேடு வச்ச ஷார்ட்ஸ் போடுங்க, அதுக்குள்ள ஜட்டி போடக் கூடாது, தையல் உராஞ்சு புண்ணாயிரும். முதல் ரெண்டு வாரம் உக்கார்ற எலும்புல வலிக்கறது சகஜம், போயிரும். ஆனா முன்பக்கம் மரத்துப் போச்சுன்னா அது சகஜம் இல்ல, பொறுத்துக்காதீங்க, சீட் மூக்கைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, நடுவுல வெட்டு விட்ட சீட்டா மாத்துங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தா உள்ளங்கை ஓரத்துல நரம்பு அமுங்குதுன்னு அர்த்தம், கை வைக்கற இடத்தை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க, ஹேண்டில்பார் ரொம்பத் தூரமா இருக்கான்னு பாருங்க.

பெடலுக்கு அவசரமே இல்ல. அப்ப தோல் பட்டை வச்ச டோ கிளிப் போட்டீங்க, இப்ப ஷூ அடியில கிளீட்னு ஒரு கொக்கி வச்சு பெடல்ல மாட்டறது, 1985ல பெர்னார்ட் ஈனோ அந்த மாதிரி பெடல்ல டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சதுக்கு அப்புறம் பரவுனது. முதல் ரெண்டு மாசம் சாதாரண பெடல்லயே ஓட்டுங்க. அப்புறம் வேணும்னா ரெண்டு போல்ட் வச்ச எஸ்பிடி போடுங்க, கிளீட் அடிப்பாகத்துக்குள்ள பதிஞ்சு இருக்கும், டீக்கடையில நடக்கலாம். காலைக் கழட்டறதை முதல்ல புல்தரையில ஒரு அம்பது தடவை பழகிட்டு அப்புறம் சிக்னல் இருக்கற ரோட்டுக்குப் போங்க. ஹெல்மெட்டைப் பத்தி விவாதமே வேண்டாம். 2003ல பாரிஸ் நீஸ் ரேஸ்ல ஆந்த்ரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாம விழுந்து இறந்தாரு, அதுக்கப்புறம்தான் ரேஸ்லயே கட்டாயமாச்சு. பின்னாடி சிவப்பு லைட் பகல்லயும் எரியட்டும்.

உடம்பு விஷயம். பைக் வாங்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க, இதை நான் பேச்சுக்குச் சொல்லல. நம்ம ஆளுங்களுக்கு இதய நோய் மத்தவங்களை விட சின்ன வயசுலயே வருது. பிபி, சுகர், கொழுப்பு, ஈசிஜி பாத்துருங்க, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுல ஹார்ட் பிரச்சனை வந்திருந்தா அதைச் சொல்லுங்க, ட்ரெட்மில் டெஸ்ட் வேணுமான்னு அவரே சொல்லுவாரு. ஓட்டறப்ப நெஞ்சு இறுக்கற மாதிரி, தாடையோ இடது கையோ இழுக்கற மாதிரி, வழக்கமா ஏறற ஏத்தத்துல காரணமே இல்லாம மூச்சு வாங்கற மாதிரி இருந்தா அங்கயே நிறுத்துங்க, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. சுகருக்கு மாத்திரை, ஊசி எடுக்கறவங்கன்னா வெறும் வயித்துல கிளம்பக் கூடாது, பாக்கெட்ல குளுக்கோஸ் இருக்கணும்.

வாட்ச்ல இதயத் துடிப்பு பாக்கறவங்க நிறைய. 208ல இருந்து வயசோட 0.7 பங்கைக் கழிச்சா அதிகபட்சத் துடிப்புன்னு ஒரு கணக்கு இருக்கு, உங்களுக்கு 174 பக்கம் வரும், ஆனா அது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்து பதினஞ்சு தள்ளி இருக்கும். பிபிக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்டா துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அப்ப அந்த எண்ணை நம்பவே கூடாது. எல்லாத்தையும் விட நல்ல மீட்டர் வாயிதான். பக்கத்துல வர்றவர்கிட்ட முழு வாக்கியமா பேச முடியுதா, சரியான வேகம். ரெண்டு வார்த்தைக்கு மேல வரலையா, அதிகம். முதல் ஆறு வாரமும் நீங்க முழு வாக்கியத்துல பேசிக்கிட்டேதான் ஓட்டணும், இதுதான் நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு ரொம்பக் கஷ்டம், ஏன்னா இதயமும் நுரையீரலும் ஒரு மாசத்துல சட்டுன்னு பழகிரும், ஆனா தசைநாரும் மூட்டும் மெதுவாத்தான் பழகும், நடுவுல வர்ற அந்த இடைவெளியிலதான் காயமே வருது.

இப்ப ஆடி மாசம், தைக்கு ஆறு மாசம் இருக்கு, அது போதும். முதல் மூணு வாரம், வாரத்துக்கு மூணு நாள், நாப்பது நிமிஷம், வடவள்ளி, தொண்டாமுத்தூர்னு சமமான ரோட்ல, பெடல் நிமிஷத்துக்கு 80, 85 சுத்தறாப்ல லேசான கியர்ல. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஒரு நாளை மட்டும் நீட்டுங்க, ஒரு மணி நேரம், ஒன்றரை, ரெண்டு. ஐப்பசி வாக்குல 60 கிமீ அலுப்பில்லாம வந்துரும். அதுக்கப்புறம் ஆனைகட்டி, மாசத்துக்கு ரெண்டு தடவை, 34ல உக்காந்துக்கிட்டே. தடாகம், சிறுவாணி ரோடு ரெண்டுலயும் இருட்டோட போகாதீங்க, ஆனை நடமாட்டம் இருக்கற இடம், நல்லா வெளுத்ததுக்கு அப்புறம்தான். வாரத்துல ரெண்டு நாள் வீட்லயே உக்காந்து எந்திரிக்கறது, கொஞ்சம் எடை தூக்கறதும் சேத்துக்கங்க, சைக்கிள் ஓட்டறதுல எலும்பு மேல அவ்வளவா பாரம் விழறதில்ல, நம்ம வயசுல எலும்புக்கு அந்தப் பாரம் தேவை.

காத்தையும் பாத்துக்கங்க, மறந்திருப்பீங்க. ஆனி, ஆடி, ஆவணியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்க இருந்து காத்து தள்ளும். அதனால இப்ப முதல்ல வாளையார் பக்கமா எதிர்காத்துல போயிட்டு, களைச்ச கால்ல திரும்பறப்ப காத்து தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி வச்சுக்கங்க. மார்கழியில அப்பிடியே தலைகீழ், கிழக்க அவிநாசிப் பக்கம் முதல்ல போங்க.

குன்னூர் ஏறலாம், கண்டிப்பா ஏறலாம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் 1700க்கு மேல. கல்லார் வரைக்கும் கிட்டத்தட்ட சமம், அதுக்கப்புறம் ஏறக்குறைய 25 கிமீ நிக்காத ஏத்தம், சராசரி 5 சதவீதத்துக்குச் சொச்சம். மணிக்கு 9 கிமீன்னு போனாலும் மூணு மணி நேரத்துக்குள்ள ஆயிரும். நல்லா வெளுத்த உடனே கல்லார்ல இருங்க, பஸ்ஸும் டூரிஸ்ட் வண்டியும் பெருகறதுக்கு முன்னாடி பர்லியார் தாண்டிரலாம். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாம தண்ணி, அதுல ஒரு பாட்டில்ல ஓஆர்எஸ், அரை மணிக்கு ஒரு வாழைப்பழமோ ரெண்டு கடலைமிட்டாயோ, பசிக்கறதுக்கு முன்னாடியே. கொண்டை ஊசி வளைவுல உள்பக்கம் செங்குத்தா இருக்கும், பின்னாடி வண்டி இல்லைன்னா கொஞ்சம் வெளியோரமா எடுத்தா ஏத்தம் குறையும். வடகிழக்குப் பருவமழையில மண் சரியற ரோடு அது, கிளம்பறதுக்கு முந்தின நாள் ரோடு திறந்திருக்கான்னு விசாரிச்சுக்கங்க. இறங்கறப்ப விண்ட்சீட்டர் போட்டுக்கங்க, தை மாசக் குளிர்ல வேர்த்த உடம்போட இறங்குனா விரல் விறைச்சுரும், பிரேக் புடிக்க வராது. பிரேக்கை விடாம உரசிக்கிட்டே இறங்காதீங்க, வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு, வளைவுல விட்டுருங்க, டிஸ்க் ஆறறதுக்கு நேரம் கிடைக்கும்.

பழைய சைக்கிளை விக்காதீங்க. அதோட பார்ட்ஸ் பெரும்பாலும் புதுசுல சேராது, பின் ஃப்ரேம் இடைவெளி அப்ப 126 மிமீ, இப்ப டிஸ்க் பைக்ல 142, அதனால கழட்டி மாத்தலாம்னு யோசிக்க வேண்டாம். விலையும் ஒண்ணும் வராது. நல்ல மெக்கானிக் ஒருத்தர்கிட்ட குடுத்து ஓவராயில் பண்ணுங்க, பால்ரஸ் எல்லாம் கழுவி புது கிரீஸ், புது கேபிள், புது பிரேக் கட்டை, டயர் கண்டிப்பா வெடிச்சிருக்கும் அதையும் மாத்திட்டு, சக்கரம் கோட்டம் எடுத்துட்டா பேரூர் வரைக்கும் போயிட்டு வர சுகமா இருக்கும். அதைக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு அளவு எடுத்து எனக்கு அனுப்புங்க: கிராங்க் அச்சு நடுவுல இருந்து சீட் மேல வரைக்கும், சீட் மூக்குல இருந்து ஹேண்டில்பார் நடு வரைக்கும், சீட்டை விட ஹேண்டில்பார் எவ்வளவு கீழ இருக்குன்னு. கூடவே நோட்டு வச்சு அளந்த கால் உயரமும். கடையில எந்த சைஸ் கேக்கணும்னு அதை வச்சு சொல்றேன்.